ரயில் பிந்தினால் உயரத்தைக் குறையுங்கள்

மலைநாட்டுப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ஆசையைத்தான் சொல்கின்றன. காலையில் ரயிலேறி, மலையின் ஓரத்தில் நின்று கீழே நாட்டைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் வீடு வந்து சேர வேண்டும். செய்யலாம். எந்த மலைக்கு எந்த ரயில் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பதில்களுக்கு முன் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் அரித்தும் மண்ணால் மூடியும் போட்டது. பழைய நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படாதீர்கள். எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று முதல்நாளே பக்கத்து ஸ்டேஷனில் கேளுங்கள், அல்லது அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழையுங்கள். கீழே புறப்படும் நேரங்களைத் தராமல், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லியிருப்பதும் அதனால்தான்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். ஹட்டனில் காலைக் கோச்சியைப் பிடித்து ஒஹியவில் இறங்கி, உலக முடிவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாமா?
– எஸ். கே., ஹட்டன்

போய்வரலாம். பார்க்க முடியாது.

ஹட்டனிலிருந்து ஒஹியவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணிநேரம். ஒஹிய ஸ்டேஷன் 1,774 மீற்றரில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் நடை தொடங்கும் ஃபார் இன் 2,100 மீற்றருக்கும் மேலே. இரண்டுக்கும் நடுவே சுமார் 11 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். நடந்தால் மூன்று மணிநேரம். ஆட்டோவில் முக்கால் மணிக்கு மேல். ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏறலாம், ஆறு பேருக்கு இரண்டு வேண்டும். ஒஹிய சின்ன ஊர், ரயில் வந்து நிற்கும் நேரத்தில் இரண்டு ஆட்டோ காத்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஃபார் இன்னில் டிக்கட், பைச் சோதனை. பிறகு சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குச் சற்று மேல். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு அதன் நடுப்பகுதியில். பகல் ரயிலில் வந்தவர்கள் விளிம்பில் போய் நிற்கும்போது மதியம் தாண்டிவிடும். காலடியில் 870 மீற்றர் அளவுக்குப் பள்ளம் இறங்குகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை அடித்த சுவர் மாதிரி ஒரு பனிமூட்டம் மட்டும்.

தலைகீழாகச் செய்யுங்கள். ஏறும்போது வேன், இறங்கும்போது ரயில். நுவரெலியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு 30 கிலோமீற்றர் சொச்சம், அம்பேவெல, பட்டிப்பொல வழி. நுவரெலியாவில் ஒரு இரவு தங்கி, விடியற்காலை ஐந்து மணிக்குமுன் வேன் கிளம்பினால், ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். எட்டு மணிக்கு விளிம்பு. முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற ஒழுங்கில் சுற்றுங்கள். அருவி மூட்டத்திலும் தெரியும், பள்ளத்தாக்கு தெரியாது. சுற்றி முடிக்க மூன்றரை, நான்கு மணிநேரம். பிறகு வேனை பட்டிப்பொலக்கு விடச் சொல்லி ரயிலேறி வீட்டுக்கு வாருங்கள். திரும்பும் ரயில் பட்டிப்பொலயில் எத்தனை மணிக்கு என்று முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். போகும் ரயிலைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள்தான் சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

காலை எட்டு மணிக்குப் பளிச்சென்று இருக்கும் மலை பத்து மணிக்கு எப்படி மூடிக்கொள்கிறது? அந்தப் பனி எங்கிருந்து வருகிறது?
– உயர்தர மாணவன், பதுளை

எங்கிருந்தும் வருவதில்லை தம்பி, அங்கேயே உண்டாகிறது. இரவில் மலைச்சரிவு குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அது பள்ளத்தாக்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விடிகாலையில் உச்சி தெளிவாகவும் கீழே பால் ஊற்றிய மாதிரியும் இருப்பது இதனால்தான். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, ஈரமான காற்று மலைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்குகிறது. ஏறும் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. 100 மீற்றருக்கு ஏறக்குறைய 1 பாகை. ஒரு மட்டத்துக்கு மேல் தன்னிடமுள்ள நீராவியை அதனால் ஏந்தி வைத்திருக்க முடியாது. அந்த மட்டம்தான் முகிலின் அடித்தளம். கீழே பண்டாரவளைக்காரருக்கு அது மேகம். ஒஹியவில் நிற்பவருக்கு அது மூடுபனி.

ஆக, பகலில் அந்த அடித்தளத்துக்கு மேலே நிற்பவருக்குக் காட்சி இல்லை, கீழே நிற்பவருக்கு உண்டு. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான்: ரயில் பிந்துகிறதா, உயரத்தைக் குறையுங்கள். உலக முடிவுக்கு ஒன்பது மணிக்குமுன். ஹப்புத்தளைப் பக்கம் 1,970 மீற்றரிலுள்ள லிப்டன் சீட்டுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம். எல்லவில் 1,141 மீற்றரிலுள்ள லிட்டில் அடம்ஸ் பீக்குக்கு மதியத்துக்குப் பிறகு போனாலும் பெரும்பாலும் ஏமாற்றமில்லை.

இன்னொரு தந்திரம். ஜனவரி, பெப்ரவரியில் வானிலை அறிக்கையில் ‘நுவரெலியா மாவட்டத்தில் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி’ என்று சொன்னால், அடுத்த நாள் காலை மலைக்குப் போகலாம். முகிலில்லாத, காற்றில்லாத, ஈரம் குறைந்த இரவில்தான் உறைபனி விழும். தேயிலைக்கு அது கெடுதி; பார்க்கப் போகிறவருக்கு அதைவிடத் தெளிவான காலை கிடைக்காது.

எந்த மாதம் நல்லது? ஒருவர் ஜனவரி என்கிறார், இன்னொருவர் ஜூலை என்கிறார்.
– வாசகி, கம்பளை

இரண்டு பேரும் சரி. அவர்கள் மலையின் இரண்டு பக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பட்டிப்பொலக்கும் ஒஹியவுக்கும் நடுவில் ரயில் பாதையின் உச்சிப்புள்ளி இருக்கிறது: 6,226 அடி, மீற்றரில் 1,898. தண்டவாளத்தின் ஓரம் பலகை நட்டிருக்கிறார்கள். அதையடுத்து ஒரு சுரங்கம். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழைக்கோட்டுப் போட்டவர்கள் அந்தப் பக்கம் வெளியே வந்ததும் கண்ணைக் கூசிக்கொண்டு வெயிலைப் பார்ப்பது ரயிலில் அடிக்கடி நடக்கிற காரியம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக ஊவாவுக்குள் இறங்கும். டிசம்பரை ஒட்டி வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது நிலைமை மாறி, ஊவா நனையும்.

நாட்காட்டியைவிடத் தோட்டத்துக்காரரைக் கேட்பது மேல். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து டிம்புல தேயிலையின் தரமான பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஊவா தேயிலையின் தரமான பருவம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. காய்ந்த காற்றும் தெளிந்த வானமும் சேர்ந்து கொழுந்துக்கு வாசம் ஏற்றுகிற அதே வாரங்கள்தான் பார்வைக்கும் நல்ல வாரங்கள். உலக முடிவுக்கு ஜனவரி முதல் மார்ச். ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்லப் பக்கத்துக்கு பெப்ரவரி, மார்ச்சும் நல்லது, ஜூன் முதல் செப்டம்பர் வரையும் நல்லது. ஆனால் ஜூலையில் ஹப்புத்தளைக் காற்று தொப்பியைப் பறித்துவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடியோடு மழை வரும். மூன்று மணிக்குமுன் கீழே இறங்கிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து லிப்டன் சீட் பார்க்க ஒரே நாள் போதுமா? ஹோட்டலுக்குச் செலவழிக்க விருப்பமில்லை.
– தி. ஆர்., வெள்ளவத்தை

ஒரு இரவையும் ஒரு பகலையும் சேர்த்து ஒரே நாள் என்று எண்ணினால் போதும். இரவுத் தபால் ரயில் பதுளைவரை ஓடும் காலத்தில் உங்களுக்கு ஏற்றது அதுதான். விடியுமுன் ஹப்புத்தளையில் இறக்கிவிடும். கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் எந்த ரயிலும் பனிமூட்டத்துக்கு முந்தாது.

ஹப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கியதும் வெளிச்சம் வரும்வரை பஸ்ஸுக்காகக் காத்திருந்தால் நேரம் போய்விடும். முதல்நாளே ஒரு ஆட்டோவைப் பேசி வையுங்கள். ‘உச்சி வரைக்கும் ஒருவழி’ என்று தெளிவாகச் சொல்லி விலையையும் முடித்துக்கொள்ளுங்கள். மேலே போனபிறகு ‘தொழிற்சாலை வரைக்கும்தான் சொன்னீங்க’ என்ற பேச்சு அடிக்கடி வரும். பாதை இப்படி: ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை சுமார் 10 கிலோமீற்றர், அங்கிருந்து தேயிலை மலைகளுக்குள் வளைந்து வளைந்து மேலே 7 கிலோமீற்றர். உச்சியில் தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டனின் சிலை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். தெற்கே தாழ்நிலம் முழுக்க விரியும், உடவலவை நீர்த்தேக்கம் மினுங்கும். மிகத் தெளிவான காலையில் அம்பாந்தோட்டைக் கரை வரை தெரியும். ஆறேகாலுக்கு முன் மேலே இருந்தால் சூரியன் ஏறுவதையும் பார்க்கலாம்.

இறங்கும்போது நடவுங்கள். 7 கிலோமீற்றருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணிநேரம். இந்த நடைதான் பயணத்தின் பாதிச் சுவை. எட்டு மணிக்கு மேல் கொழுந்து எடுக்கிறவர்கள் வரிசை பிடித்து நிற்பார்கள். ரெட்டு என்ற சாக்குத்துணி இடுப்பில், கூடை முதுகில், இரண்டு கையும் ஒன்றையொன்று பார்க்காமல் வேலை செய்யும். ‘இரண்டிலையும் ஒரு மொட்டும்’ என்று புத்தகத்தில் படித்தது விரலில் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். படமெடுக்குமுன் கேளுங்கள். கிலோக் கணக்குக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறவர்களை ‘ஒரு நிமிஷம் இப்படித் திரும்புங்க அக்கா’ என்று நிறுத்துவது அவர்கள் கூலியில் கை வைப்பது. தார்ப்பாதையை வெட்டிக்கொண்டு போகும் குறுக்குப் படிகள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மருந்தடித்த மலைக்குள்ளும், கவ்வாத்து வெட்டிய மலைக்குள்ளும் இறங்க வேண்டாம். வெட்டிய வாதுகள் கணுக்காலைக் கிழித்துவிடும்.

தம்பேதன்னைத் தொழிற்சாலை 1890இல் கட்டியது. அங்கிருந்து ஹப்புத்தளைக்கு பஸ் உண்டு. மதியத்துக்குள் ரயில் கிடைத்தால் ரயில்; இல்லாவிட்டால் பெரகலை, பலாங்கொடை வழியாகக் கொழும்பு போகும் பஸ். இரவு ரயிலுக்காகப் பகல் முழுவதும் சுற்றுவதைவிட அது நல்லது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு வந்து ஒரு இரவு தங்குவோம். அவர் நடக்காமல் மலைக்காட்சி பார்க்க வழியுண்டா?
– மகள், மட்டக்களப்பு

உண்டு, ஸ்டேஷனிலேயே. இதல்கஸ்ஹின்னவில் இறங்குங்கள், 1,615 மீற்றர். ரயில் அங்கே ஒரு ஒடுங்கிய மலைத்தோளின்மேல் நிற்கிறது. ஒருபக்கம் ஊவாவின் வெலிமடைப் பள்ளம், மறுபக்கம் தெற்கு. மேடையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டையும் பார்க்கலாம். பதுளையிலிருந்து இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும். காலை முதல் ரயிலில் போங்கள்.

சிக்கல் ஏறி இறங்குவதில்தான். சிறிய ஸ்டேஷன்களில் மேடை குட்டை. நீளமான ரயிலின் கடைசிப் பெட்டிகள் மேடைக்கு வெளியே நின்றுவிடும், அங்கே இறங்கினால் சல்லிக்கல்லின் மேல் குதிக்க வேண்டும். நடுப் பெட்டியில் ஏறுங்கள். பதுளையிலேயே கார்டிடம் ‘வயதான அம்மா இதல்கஸ்ஹின்னவில் இறங்குவார்’ என்று சொல்லி வையுங்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை என்பதால் டிக்கட் எடுக்கும்போதே கேளுங்கள். இறங்கும்போது அம்மா முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக, நல்ல காலை மேலேயே வைத்து வலிக்கிற காலை முதலில் கீழே இறக்க வேண்டும். ஏறும்போது மாற்றி: நல்ல கால் முதலில் மேலே.

அதற்கும் முடியாவிட்டால் ஹப்புத்தளையில் இறங்கி ஆட்டோவில் அடிஷாம் பங்களாவுக்குப் போகலாம். ஸ்டேஷனிலிருந்து சுமார் 3 கிலோமீற்றர். 1931இல் கட்டிய கருங்கல் வீடு, இப்போது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறை நாட்களில்தான் வெளியாருக்குத் திறப்பார்கள்.

பண்டாரவளைக்குப் போகும்போது ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் அரைமணிநேரம் சும்மா நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நிற்கும் என்று பயணி எப்படி அறிவது?
– வாசகர், தலவாக்கலை

வளையத்தைப் பாருங்கள்.

மலைநாட்டில் ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கான அனுமதிச் சீட்டு ஒரு உலோகத் தட்டு. தோல் பையில் போட்டு, கையை நுழைத்துப் பிடிக்கிற அளவுக்கு ஒரு பெரிய வளையத்தில் கட்டியிருக்கும். அந்தத் தட்டு கைக்கு வராமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் இருக்கும் பெட்டியும் அடுத்த ஸ்டேஷன் பெட்டியும் மின்சாரத்தால் இணைந்தவை. ஒரு தட்டு வெளியே இருந்தால் இன்னொன்று வெளியே வராது.

ஆகவே நீங்கள் நிற்கும்போது எதிரே ரயில் வருவதாக இருந்தால், அந்தத் தட்டு எதிர் ரயிலின் எஞ்ஜினில் இருக்கிறது. அது வந்து நிற்க வேண்டும், ஓட்டுநர் வளையத்தைக் கொடுக்க வேண்டும், மாஸ்டர் அறைக்குள் போய்ப் பெட்டியில் போட்டு, மணியடித்துக் கேட்டு, உங்களுக்கானதை எடுக்க வேண்டும். மாஸ்டர் வெறுங்கையோடு மேடையில் நடந்தால் இறங்கி ஒரு பிளேன்டீ குடிக்கலாம். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எஞ்ஜின் பக்கம் நடந்தால் உடனே ஏறுங்கள்.

பிந்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இந்தப் பாதையில் 44 அடிக்கு 1 அடி ஏற்றம் வருகிறது, வளைவுகளும் மிக இறுக்கம். தூறலில் தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கினால் எஞ்ஜின் மணல் தூவித் தூவித்தான் ஏறும். மழைநாளில் திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணிநேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வாங்கிய மிக்ஸர் பக்கற் பட்டிப்பொல வரும்போது பந்து மாதிரி ஊதிப்போனது. பழுதாகிவிட்டதா? கைக்குழந்தையும் காதைப் பிடித்துக்கொண்டு அழுதது.
– தாய், சுன்னாகம்

பழுதில்லை. கடல்மட்டத்தில் அடைத்த காற்று உள்ளே இருக்கிறது. பட்டிப்பொல 1,891 மீற்றரில். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் உங்கள் ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே இருப்பது விரிகிறது. திரும்பி ஊர் போனதும் தானாகச் சுருங்கும். திறப்பதானால் முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள். தயிர்ச் சட்டியைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருபவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

குழந்தையின் காதிலும் அதுதான் நடக்கிறது. விழுங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமனாகும், அதனால் பாலூட்டுங்கள் அல்லது போத்தலைக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு டொபி. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் அடைக்கும், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி ஒரு வாய் குடிக்கச் செய்யுங்கள். சளி பிடித்த குழந்தைக்கு வலி கூடும்.

டிக்கட் இணையத்தில் கிடைப்பதேயில்லை. கனடாவிலிருந்து அண்ணன் குடும்பமும் வருகிறார்கள். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றும் சொல்லுங்கள்.
– வாசகர், கொட்டகலை

முன்பதிவு ஆசனம் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோவது எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டு மூன்று மணிநேரப் பயணத்துக்கு அது தேவையுமில்லை. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கட் அன்றைக்கே கவுண்டரில் கிடைக்கும். ரயில் வர அரைமணிநேரம் முன்பே எடுத்து, மேடையின் ஒரு கோடிக்குப் போய் நில்லுங்கள். கூட்டம் எப்போதும் நடுவில்தான். நானுஓயாவில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைய இறங்குவார்கள், இடம் பிடிக்க அதுதான் நேரம். இலவசப் பயணத்துக்கான ரயில் வாரண்ட் உள்ள அரச ஊழியர்கள் அதைக் கவுண்டரில் கொடுத்து டிக்கட்டாக மாற்றியே ஏற வேண்டும்.

பதுளைப் பக்கம் போகையில், ஒஹிய தாண்டியபின் இடது கை ஊவா, வலது கை தெற்கு. ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் நடுவே சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காட்சி இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். கொட்டகலையில் ஏறுவதால் சிங்கமலைச் சுரங்கம் உங்களுக்கு வராது. அது ஹட்டன் பக்கம்.

அண்ணனுக்கு இலங்கை அடையாள அட்டை இல்லாமல் கனேடியக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால், ஹோர்ட்டன் சமவெளியில் வெளிநாட்டவர் கட்டணம்தான், டொலர்க் கணக்கில். தமிழில் பேசினாலும் குறையாது. நால்வர் குடும்பத்துக்கு அது பெரிய தொகை என்பதால் முன்பே சொல்லி வையுங்கள். உங்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

என்ன உடுப்பது, என்ன சாப்பாடு கட்டுவது?
– வாசகி, வவுனியா

தடித்த ஒரு ஜக்கற்றைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. விடியலில் மூன்றும், எட்டு மணிக்கு இரண்டும், பத்து மணிக்கு ஒன்றும் போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. குடையைக் காற்று திருப்பிவிடும், மழைக்கோட்டு எடுங்கள். வெயில் குளிரில் உறைக்காது, ஆனால் தோலைக் கருக்கும், தொப்பி அவசியம். காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து. மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் நடப்பதென்றால் அட்டைக்குக் கணுக்காலில் சவர்க்காரமோ சித்தாலேபவோ தடவுங்கள்.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும். கெடாது, ஒழுகாது, ஒரு கையால் சாப்பிடலாம். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதானால் பொலித்தீனில் சுற்றாதீர்கள். வாசலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வாழையிலையில் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நிறுத்துமிடத்தில் மரைகள் பழகிய மாடு மாதிரிப் பக்கத்தில் வரும். கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை பொலித்தீனைத் தின்கின்றன.

தலைக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, தலைவலியாகத்தான் தெரியும்.

பகல் ரயில்தான் எங்களுக்குச் சரி. இரண்டு சின்னப் பிள்ளைகள். அப்படியானால் எங்கே போவது?
– தந்தை, நானுஓயா

எல்ல. நானுஓயாவிலிருந்து இரண்டரை மணிநேரம். ஸ்டேஷனிலிருந்து லிட்டில் அடம்ஸ் பீக்குக்குப் பிள்ளைகளோடு ஒரு மணிநேரம், தேயிலைக்குள் அகலப் பாதை, கடைசியில் படிகள். முதல் உச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மேடுகளுக்குப் போகும் பாதை ஒடுக்கம், ஓரம் சரிவு. எதிரே எல்லப் பாறை, நடுவே எல்லக் கணவாய். நேரமிருந்தால் இறங்கும்போது ஒன்பது வளைவுப் பாலம்: 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும். பாலத்தைத் தூரத்துச் சரிவிலிருந்து பாருங்கள், தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். திரும்புவதற்கு ரயில் பொருந்தாவிட்டால் பண்டாரவளை போய் வெலிமடை வழி நுவரெலியா பஸ்.

சிவனொளிபாதமலையையும் இப்படி ரயிலில் ஒரே நாளில் செய்யலாமா?
– வாசகர், மாத்தளை

அது இரவு ஏறுகிற மலை. டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் போயா வரையான பருவத்தில், ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழி நல்லதண்ணிக்கு பஸ் எடுத்து, இரவு பத்து பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கி விடியலில் உச்சி. விரிவாக எழுத வேண்டிய விஷயம், பருவம் தொடங்கும் இதழில் எழுதுகிறோம்.

ரயில் வாசலில் காலைத் தொங்கவிட்டுப் படமெடுப்பதில் அப்படி என்ன ஆபத்து? எல்லோரும் செய்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், கண்டி

சுரங்கச் சுவருக்கும் படிக்கட்டுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ரயில் நிற்கும்போது ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் மூலைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளும். அந்த இடம் இன்னும் குறையும். வாசல்கள் இருப்பது பெட்டியின் மூலையில். சுரங்கம் வளைவுக்குப் பிறகே தெரியவரும். படமெடுக்கத்தான் வேண்டுமென்றால் ஜன்னலுக்குள்ளிருந்து, கைப்பட்டியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எடுங்கள். போன் விழுந்தால் ரயில் நிற்காது.